கடைசி வருட டிகிரியும் டாக்டர் ஆசையும்: எதை எப்போது படிப்பது?

என் தம்பி பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். 2022இல் முடித்துவிட்டு பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தான். இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் அறுவை சிகிச்சை, அப்புறம் 25 நாள் கதிர்வீச்சு. நான் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவேன், அவன்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வருவான். 25ஆம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, நான் டாக்டருக்குப் படிக்கணும்" என்றான். பயாலஜி புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு மூடியவன். அப்போது அடுத்த மாதம் கடைசி வருடம் தொடங்க இருந்தது.

அன்றிலிருந்து நானும் அவனும் விசாரித்து, தப்பாக நம்பி, திருத்திக்கொண்டு தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.எஸ்சி., பி.இ. கடைசி வருடத்தில் இதே ஆசையோடு இருக்கும் பிள்ளைகளை நானே நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வழியையும் எப்படி வைத்துப் பார்த்தோமோ அதே மாதிரி சொல்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடைசி வருடத்தில் டிகிரியையும் பயாலஜி பேப்பரையும் முடியுங்கள், நீட்டுக்கு அதற்கடுத்த ஒரு முழு வருடத்தைக் கொடுங்கள்.

வழிகளுக்குப் போகும் முன் தகுதி விஷயம். பிளஸ் டூவில் உயிரியல் இல்லாதவர்கள் நீட் எழுதவே முடியாது என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2023 நவம்பர் 22 அன்று தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலையோ உயிரித் தொழில்நுட்பத்தையோ கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்றது. இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஏற்கெனவே இருக்க வேண்டும். வயது உச்சவரம்பையும் 2022லேயே எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைக்குக் கதவு திறந்ததே இதனால்தான்.

பலர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. "நான் டிகிரியில் பயோகெமிஸ்ட்ரி படித்திருக்கிறேன், பிளஸ் டூவில் பயாலஜி இல்லாவிட்டால் என்ன?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். டிகிரி மட்டும் போதாது. பி.எஸ்சி. தேர்ச்சியை வைத்து விண்ணப்பித்தாலும், அதற்கு முந்தைய பள்ளித் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் தேறியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. ஆகவே உயிரியலைப் பள்ளி அளவில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதற்கு எல்லோரும் போகிற இடம் என்ஐஓஎஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர்கள் முழுப் படிப்பையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்துக்கு மட்டும் சேரலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. தேர்ச்சிக்கு 33 சதவீதம். இந்த 33ஐப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏனென்றால் மூன்று அறிவியல் பாடங்களும் சேர்ந்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வர வேண்டும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40. தம்பிக்கு இயற்பியல் 64, வேதியியல் 61. உயிரியலில் வெறும் 33 எடுத்தாலும் கூட்டினால் 158, அதாவது 300க்கு 50ஐத் தாண்டிவிடும். இந்தக் கூட்டலை உங்கள் மார்க்கை வைத்து முதல் நாளே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, வழிகள்.

முதல் வழி, தம்பி முதலில் பிடித்தது: எல்லாம் ஒரே வருடத்தில். காலேஜுக்கும் போவது, என்ஐஓஎஸ் உயிரியலும் எழுதுவது, அதே மே மாதம் நீட்டும் எழுதி அதே ஆகஸ்டில் மருத்துவக் கல்லூரி. "ஒரு வருஷம் மிச்சம் அக்கா, நான் ரெண்டையும் சேர்த்தே பார்த்துக்கறேன்" என்றான். ஜூனிலிருந்து நவம்பர் வரை அப்படித்தான் ஓடினான். விடிகாலை நாலரைக்கு எழுந்து உயிரியல், எட்டு மணிக்கு பஸ், மாலை வந்து ரெக்கார்டு நோட்டு, ராத்திரி ஆன்லைன் கிளாஸ். ஜனவரியில் ஐந்தாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது குவாண்டம் மெக்கானிக்ஸில் அரியர். மூன்றாண்டில் அவனுக்கு விழுந்த முதல் அரியர். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உட்காரவைத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஜனவரி 10 முதல் மே 3 வரை 114 நாள், ஏனென்றால் 2025இல் நீட் மே 4. காலேஜ், பஸ், சாப்பாடு, தூக்கம் போக ஒரு நாளைக்கு உண்மையாகக் கிடைப்பது 4 மணி நேரம். மொத்தம் 456 மணி நேரம். நீட்டுக்கு அடிப்படையான என்சிஇஆர்டி (மத்திய பாடத்திட்டம்) உயிரியல் புத்தகத்தில் பிளஸ் ஒன்னில் 19 பாடம், பிளஸ் டூவில் 13 பாடம், ஆக 32. புதிதாகப் படிக்கிறவனுக்கு ஒரு பாடத்துக்கு 8 மணி நேரமாவது வேண்டும், அதுவே 256. மீதி 200 மணி நேரத்தில்தான் மூன்று வருடமாகத் தொடாத பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல், நீட் பாணி இயற்பியல், என்ஐஓஎஸ் அசைன்மென்ட், ஆறாவது செமஸ்டர் பேப்பர்கள், ப்ராஜெக்ட், அந்த அரியர். மாடல் டெஸ்ட் எழுத ஒரு மணி நேரம்கூட இல்லை. அவனே பேனாவை மூடி வைத்தான்.

உயிரியல் ஏதோ மூன்றில் ஒரு பாடம் என்று நினைத்துவிடக் கூடாது. நீட்டின் 180 கேள்விகளில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360. புதிதாகத் தொடங்குகிற பாடம்தான் தேர்வில் பாதி. இன்னொன்றும் இருக்கிறது: என்ஐஓஎஸ் புத்தகம் வேறு, நீட் கேள்விகள் வருகிற என்சிஇஆர்டி புத்தகம் வேறு. பாடம் பெரும்பாலும் ஒன்றுதான் என்றாலும் விடை எழுதும் விதம் வேறு, ஒன்றில் பத்தி பத்தியாக எழுத வேண்டும், மற்றதில் ஒரு வரியின் நுணுக்கம் தெரிந்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அப்புறம் தேதி மோதல். கல்லூரி செமஸ்டர், என்ஐஓஎஸ் பொதுத்தேர்வு, நீட் மூன்றும் ஏப்ரல்-மேக்குள்ளேயே வந்து விழுகின்றன. ஹால் டிக்கெட் கையில் வருகிற வரை எந்த நாள் எதோடு மோதும் என்று தெரியாது.

இந்த முதல் வழி யாருக்கு ஒத்துவரும்? பிளஸ் டூவிலேயே உயிரியல் படித்து, ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை நீட் எழுதி, சில மதிப்பெண்ணில் இடத்தைத் தவறவிட்டு, விலங்கியலோ தாவரவியலோ எடுத்து டிகிரி படிக்கிறவர்களுக்கு. பாடம் அவர்கள் கையில் இருக்கிறது, தேவை பயிற்சிதான். மற்றவர்களை, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இதில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது வழி, டிகிரியை நிறுத்திவிட்டு நேராகக் கோச்சிங். நாமக்கல் பக்கம் விடுதியோடு சேர்ந்த கோச்சிங் சென்டர்களுக்குப் போய் வந்த ஒரு மாமா இதைத்தான் சொன்னார். "டாக்டர் ஆகப் போறவனுக்கு பி.எஸ்சி. எதுக்கு?" ஐந்து செமஸ்டர் முடித்தவன், இன்னும் நாலு மாதம் இருந்தால் பட்டதாரி. நீட்டில் இடம் கிடைக்கவில்லை என்றால் அவன் கையில் பிளஸ் டூ மார்க்ஷீட் மட்டும்தான் இருக்கும். பட்டதாரி என்றால் குரூப் 2 எழுதலாம், வங்கித் தேர்வு எழுதலாம், எம்.எஸ்சி. போகலாம், பி.எட். போகலாம். அந்த நாலு மாதத்துக்காக இத்தனையையும் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாமாவிடம் மரியாதையாகவே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வழிதான் நாங்கள் தேர்ந்தெடுத்தது. கடைசி செமஸ்டரில் டிகிரி, அரியர், என்ஐஓஎஸ் உயிரியல் இந்த மூன்று மட்டும். நீட் பிறகு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், என்ஐஓஎஸ் உயிரியலைப் பொறுமையாகப் படிக்கும்போது பாடம் உண்மையாகவே உள்ளே இறங்குகிறது. செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, சமையலறை மேடையில் உட்கார்ந்து வெங்காயச் செதிலின் உட்பக்கத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிபோல மெல்லிசாக ஒரு சவ்வு வரும், அதைச் சுருங்காமல் ஸ்லைடில் விரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம் விட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் மேலே கவர்ஸ்லிப் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து வெங்காயம் வீணானது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சாம்பாரில் போட்டுவிட்டாள். தேர்வு மையத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபோது அவனுக்குப் பயமே இல்லையாம். மூன்று வருடம் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணை வைத்துத் திருகித் திருகிப் பழகியவன் அல்லவா, ஃபோகஸ் உடனே வந்துவிட்டது. செங்கல் அடுக்கினாற்போலச் செல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. "அக்கா, அது உயிரோட இருந்த பொருள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நீட் விண்ணப்பம் பிப்ரவரியில் வந்தது. போட வேண்டாம் என்றேன் நான். போடுகிறேன், ஆனால் அதற்கென்று தனியாகப் படிக்க மாட்டேன் என்றான் அவன். பிற்படுத்தப்பட்டோருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். பள்ளித் தேர்வு முடிவு வராதவர்களும் எழுதலாம் என்பதால் தடையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற மாடல் டெஸ்ட் வேறு, அந்த ஹாலில் 180 நிமிடத்தில் 180 கேள்வி என்பது வேறு. 2025 தேர்வில் இயற்பியல் மிகக் கடினம், முதலிடம் வந்தவர் மதிப்பெண்ணே 686தான். இவன் 241 எடுத்தான். அவன் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 113. ஆக, தகுதி பெற்றுவிட்டான்.

தகுதி என்ற இந்தச் சொல்தான் எத்தனை குடும்பங்களைக் குழப்புகிறது! அந்த வருடம் 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேலானோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம், அதில் அரசுக் கல்லூரி இடங்கள் பாதியை ஒட்டித்தான். 241ஐ வைத்துக்கொண்டு அரசு இடத்துக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. சொந்தக்காரர்கள் எல்லாம் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னார்கள், அம்மாவும் ஒரு நாள் முழுக்க நம்பியிருந்தாள். அவளுக்கு நான்தான் உட்கார்ந்து விளக்கினேன்.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே நாலாவது வழி தானாகப் போன் செய்தது: வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கான ஏஜென்டுகள். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்குப் பணம் இல்லை என்பதால் நாங்கள் வெகுதூரம் போகவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், அப்புறம் இங்கே வந்து தகுதித் தேர்வும் மறுபடி பயிற்சியும். நீட் தகுதி இல்லாமலே போகலாம் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள். டிகிரி முடித்திருப்பதால் நாலு வருடத்தில் முடிகிற படிப்பு இருக்கிறது என்று சொன்னாலும் அப்படியே, 48 மாதம் 54 மாதம் ஆகாது.

ஐந்தாவது வழியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அம்மாவின் கதிர்வீச்சு சமயத்தில், முதலில் சி.டி. எடுத்து, தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அடையாளம் போட்டு, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று ஒரு திட்டம் தயாரித்தார்கள். நெஞ்சின் இடப்பக்கம் என்பதால் இதயத்துக்கு எவ்வளவு குறைவாகப் போகும் என்று கணினியில் கோடு கோடாகக் காட்டினார் ஒருவர். அவர் டாக்டர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கேட்டால், மருத்துவ இயற்பியலாளர். இயற்பியல் படித்து மருத்துவமனைக்கு வந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோவும் இருக்கிறது. கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு நடத்த இப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நீட் வேண்டாம், உயிரியல் பேப்பர் வேண்டாம், படித்த இயற்பியல் ஒரு துளி வீணாகாது, 24 வயதுவாக்கில் வேலைக்கே போய்விடலாம்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லையே அக்கா, படத்தைத்தானே பார்த்தார். எனக்கு ஆளைப் பார்க்கணும்" என்றான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் டாக்டர் ஆசைக்குக் காரணம் மருத்துவமனையா, நோயாளியா, மரியாதையா, நோயைப் புரிந்துகொள்ளும் ஆர்வமா என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த பதிலைப் பொறுத்துதான் மூன்றாவது வழியா ஐந்தாவது வழியா என்பதே.

வயதுக் கணக்கையும் மறைக்காமல் பேசிவிடலாம். 21 வயதில் டிகிரி, ஒரு வருடம் நீட், 22இல் சேர்ந்தால் பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்தரை வருடம், வெளியே வரும்போது 27 தாண்டும். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். ஒரு பெண் பிள்ளை இதே ஆசையைச் சொன்னால் வீட்டில் முதலில் எழும் பேச்சு கல்யாணம்தான் என்பது எனக்குத் தெரியும், என் சம்பளத்தில் வீடு ஓடுவதால்தான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. பெண்ணாக இருந்தால் இரண்டு வருடம் என்று வீட்டில் முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், பாதியில் நெருக்கடி வரக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை மறந்துவிடாதீர்கள். டிகிரி முடித்துவிட்டோமே என்று சிலர் அதைக் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கூடுதல் பாடம் எழுதியவர்கள் அந்தந்த வருட மாநிலக் கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

செலவும் ஒரு முடிவுதான். விடுதிக் கோச்சிங் லட்சத்தைத் தாண்டுகிறது. நாங்கள் அனுப்பவில்லை. டெஸ்ட் சீரிஸுக்கு மட்டும் பணம் கட்டினோம், மீதி என்சிஇஆர்டி புத்தகமும் பழைய கேள்வித்தாள்களும். ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு இது போதும் என்பது என் எண்ணம். தனியாக உட்கார்ந்தால் மனம் அலைகிறவர்களுக்கு வகுப்பு தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரியரைக் கடைசி செமஸ்டரோடு சேர்த்து எழுதித் தேறிவிட்டான். உயிரியல் பேப்பரில் 61. பிளஸ் டூ மார்க்ஷீட், என்ஐஓஎஸ் மார்க்ஷீட், டிகிரி புரொவிஷனல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில் பீரோவில் இருக்கிறது. இப்போது காலை ஆறு முதல் ஒன்பது வரை உயிரியல், மதியம் வேதியியல், மாலை இயற்பியல், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை முழு மாடல் டெஸ்ட், ஏனென்றால் உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான். உயிரியலில் 360க்கு 300ஐத் தொட ஆரம்பித்துவிட்டான், வேதியியல்தான் இன்னும் ஏறி இறங்குகிறது. மொத்தம் இரண்டு முயற்சி என்று பேசி வைத்திருக்கிறோம். மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம் வரும்போது அதையும் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான்.